தேடினால் முதலில் வருபவள்

கல்முனைப் பிரதான வீதியில், ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில், பளீல் நானாவின் கணினி நிலையம் இருந்தது. கீழே செருப்புப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு மேலே நடக்கிற கூத்து தெரியாது. பாண்டிருப்புச் சசிகரன் அங்கே காலையில் மெல்பேர்னில் இரண்டு பிள்ளைகளின் தாய். மத்தியானம் லண்டனில் குளியலறைக்கு மாபிள் பதிக்கும் மேசன். பின்னேரமானால் பல்வலியால் துடிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இப்படி ஆள் மாறி ஆள் மாறி வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய், இரண்டு வரி எழுதி, அந்த எழுத்துக்குள் ஒரு பல் வைத்தியரின் தளத்துக்கோ மாபிள் கடையின் தளத்துக்கோ ஓர் இணைப்பைச் செருகிவிட்டு வருவான். அதுதான் உத்தியோகம். யுத்தம் முடிந்து ஒரு வருசம்கூட ஆகாத காலம். மகன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால் அவனுடைய தாய் அன்னப்பிள்ளை, "கொம்பியூட்டர்ல என்னவோ எழுதுறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

விசயம் அப்படியொன்றும் பெரிதில்லை. தேடுபொறிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஊரில் புதிதாக ஒருவன் வந்தால் அவன் நல்லவனா கெட்டவனா என்று நாங்கள் எப்படி அறிகிறோம்? "ஆர் சொன்ன?" என்று கேட்கிறோம். சொன்னவன் சந்தியில் நிற்கிற வெட்டிப்பயல் என்றால் காதில் விழுத்த மாட்டோம். பள்ளிவாசல் தலைவரோ கோயில் வண்ணக்கரோ சொன்னால் ஒரு சொல் போதும். தேடுபொறியும் அதேதான். ஒரு தளத்தை வேறு எத்தனை தளங்கள் கைகாட்டுகின்றன, கைகாட்டுகிறவை எப்படிப்பட்டவை என்று பார்த்துத்தான் ஒன்றை முதலாம் பக்கத்தில் ஏற்றுகிறது, இன்னொன்றைப் பதினைந்தாம் பக்கத்தில் புதைக்கிறது. பதினைந்தாம் பக்கத்துக்கு எந்த மனிதன் போகிறான்?

மெல்பேர்ன் தாயாக வேசம் போட்டு எழுதுவதெல்லாம் குப்பை இணைப்பு. சசிகரனுக்கே அது தெரியும். ஒரு மாதம் தூக்கி நிறுத்தும், அடுத்த மாதம் போட்டு உடைக்கும். நல்ல இணைப்பு வேறு சாதி. பெரிய பல்கலைக்கழகமோ பத்திரிகையோ, யாரும் காசு கொடுக்காமல், தானாக விரும்பித் தன் பக்கத்தில் உன் பெயரைப் போட்டுக் கைகாட்ட வேண்டும். அப்படி ஒன்று கிடைப்பது கொம்புத்தேன். கிடைத்துவிட்டால் அதை யாராலும் அசைக்க முடியாது. இந்தக் கடைசி வசனத்தை அவன் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெருமையாக எழுதி அனுப்புவான், பாவி.

அந்த வித்தையைத்தான் அவன் தன் தங்கச்சிக்காகக் கையில் எடுத்தான்.

சுஜித்தா காணாமல் போன கதையைச் சொல்ல வேண்டுமென்றால் சுனாமிக் கடல் வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். தகப்பன் கனகரெத்தினம் கரைவலைக்காரர். நத்தாருக்கு மறுநாள் காலையில் வலை இழுக்கப் போனவர். வலையும் வரவில்லை, அவரும் வரவில்லை. உடம்பு கிடைக்கும் என்று அன்னப்பிள்ளை பார்த்துப் பார்த்து இருந்தாள். கடைசியில் ஐயர் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் கட்டித் தர, சசிகரன் அதற்குக் கொள்ளி வைத்தான். அதன் பிறகு அவர்கள் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த சுஜித்தா ஒருநாள் ரியூசனுக்குப் போனாள். வழியில், போருக்கு ஆள்பிடிக்கிற இயக்கத்தின் வான் வண்டி நின்றது. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வன்னியில் இருப்பதாக ஒரு தடவை தகவல் வந்தது. பிறகு அங்கே என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். முகாம்களில் அவள் பெயர் இல்லை, ஆசுப்பத்திரிகளில் இல்லை, இயக்கப் பிள்ளைகளை இராணுவம் அடைத்து வைத்த தடுப்பில் இருந்தவர்களிலும் இல்லை.

அன்னப்பிள்ளை படத்தை எடுத்துக்கொண்டு வவுனியா முகாம்களுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் அலைந்தாள். செத்திருப்பாள், கிரியையைச் செய்து மனதை ஆற்று என்று சொன்ன சொந்தக்காரர்களைக் கிழித்துப் போட்டாள். "ஒருக்கா புல்லுக்குக் கொள்ளி வெச்சது காணும். என்ட புள்ள உசிரோட இரிக்காள். இனி ஆராவது இந்த வாசலுக்க வந்து அப்பிடிக் கதைச்சா விளக்குமாறுதான்" என்றாள். ஆகவே ஒருவரும் கதைக்கவில்லை.

சசிகரன் ஒரு பக்கத்தைக் கட்டினான். சுஜித்தாவைத் தேடுகிறோம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். முழுப் பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம், இரட்டைப் பின்னல் போட்ட படம், தன்னுடைய தொலைபேசி இலக்கம். அன்னப்பிள்ளை பக்கத்தில் இருந்து ஒன்றொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்: இடது கன்னத்தில் மச்சம், கைமுட்டியில் சுடுதண்ணீர் பட்ட தழும்பு, சிரித்தால் தெரிகிற தெத்திப் பல். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட ஒரு தாய் இவ்வளவு சொல்ல மாட்டாள்.

இனி இணைப்பு வேண்டும். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஊருக்கு ஒரு செய்தித் தளம் முளைத்திருந்தது. பாதிக்கு மேல் பளீல் நானாவே கட்டிக் கொடுத்தவை. சசிகரன் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டான். ஒருவர் தேத்தண்ணி தந்து அனுப்பினார். ஒருவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஒருவர் நேர்மையாகச் சொன்னார்: "தம்பி, உங்கட கவல விளங்குது. ஆனா இத நாங்க போட்டா, நாளைக்கு எங்களத் தேடி ஒரு பேஜ் கட்ட வேண்டி வரும்."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பயம் அப்படி. சசிகரன் வெளிநாட்டுக்கு எழுதினான். முதன்முதலாகத் தன் சொந்தப் பெயரில் எழுதினான். மெல்பேர்ன் தாய்க்கு வராத ஆங்கிலம் தங்கச்சிக்காக வந்தது. மாதக்கணக்கில் எழுதி, பதில் வராத இடத்துக்குத் திரும்ப எழுதி, கடைசியில் கனடாப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுப் பக்கம் கைகாட்டியது. அதைப் பார்த்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதைப் பார்த்து, காணாமல்போனவர்களின் விபரம் சேர்க்கும் மனித உரிமை அமைப்பு ஒன்று. அது சுஜித்தாவின் படத்தையும் தழும்பையும் தெத்திப் பல்லையும் தன் தளத்திலேயே ஒரு பக்கமாக ஏற்றிக்கொண்டது. எல்லாம் கொம்புத்தேன். பக்கம் பதினைந்திலிருந்து ஆறுக்கு வந்தது, ஆறிலிருந்து இரண்டுக்கு. ஒருநாள் காலையில் பெயரைத் தட்டினான். தங்கச்சி முதலாவதாக வந்து நின்றாள்.

அன்றைக்கு அன்னப்பிள்ளையைக் கடைக்குக் கூட்டி வந்தான். அவள் செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு ஏறி வந்து, திரையில் மகளைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உலகத்தில எந்த மூலையில தேடினாலும் இவள்தான் முதல்ல வருவாளா மனே?"

"ஓம் அம்மா."

"அப்ப ஆராவது காணுவாக" என்றாள். திரும்பிப் போகும்போது பளீல் நானாவைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் கூச்சப்பட்டு எழும்பி நின்றார்.

ஆராவது கண்டார்கள்தான்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது சசிகரன் கடையில் தனியாக இருந்தான். எடுத்ததும் வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அண்ணா, அந்தப் படத்த முதல்ல எடு. எடுத்துப்போட்டுப் பிறகு கதை."

ஐந்து வருசம் கேட்காத குரல். வன்னிப் பேச்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஆனால் அவனை அதட்டுகிற அந்த அதட்டலை வேறு யாராலும் செய்ய முடியாது. அவன் அழுதான். அவளும் அழுதாள். அழுதுகொண்டே, "எடு அண்ணா, எடு" என்றாள்.

கதை இதுதான். கடைசி நாட்களில் சுஜித்தா ஒரு குடும்பத்தோடு பதுங்கு குழியில் கிடந்தாள். அவர்களுடைய மகள் செல் பட்டுச் செத்துப்போனாள். அவளுக்கும் சுஜித்தாவின் வயதுதான். வெளியே வரும்போது அந்தத் தாயும் தகப்பனும் சுஜித்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு, இயக்கத்தில் இருந்தவள் என்று பிடிபடாதபடி, இது எங்கள் பிள்ளை என்று இராணுவத்திடம் பதிந்தார்கள். செத்தவளின் பெயரில் முகாமில் இருந்தாள். செத்தவளின் பெயரில் அடையாள அட்டை எடுத்தாள். பழைய பெயரை யாரும் அறியக்கூடாதென்று வீட்டுக்கும் பேசாமல் இருந்தாள். இப்போது வடக்கே ஒரு சின்ன ஊரில் பாலர் பாடசாலை ரீச்சர். கலியாணமும் பேசி முடிந்திருந்தது. போன கிழமை ஓர் ஆள் பாலர் பாடசாலைக்கு வந்து, அச்சடித்த தாளொன்றை நீட்டி, இந்த முகம் உங்களுடைய முகம் மாதிரி இருக்கிறதே ரீச்சர் என்றானாம். தாளில் இரட்டைப் பின்னல்.

"சிரிச்சு மழுப்பிப்போட்டன். சிரிக்கும்போதுதான் பல் ஞாபகம் வந்தது" என்றாள். "நான் அகப்பட்டாக் காரியமில்ல. பொய் சொல்லி என்னக் கொண்டுவந்த அந்த ரெண்டு பேரும் என்ன பாவம் செஞ்சாக?"

"அம்மாக்குச் சொல்றன்…"

"சொல்லாத. அம்மாட முகத்தில ஒண்டும் நிக்காது. அவ சந்தோசப்பட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்."

அது உண்மை. பாண்டிருப்பில் அன்னப்பிள்ளையின் வீட்டுக்கு மாதத்துக்கு ஒருமுறை சிவில் உடுப்பில் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வருவார். நல்ல தமிழ் பேசுவார். மகளைப் பற்றித் தகவல் ஏதும் உண்டா அம்மா என்று அக்கறையாகக் கேட்பார். எந்த அலுவலகம் என்று கேட்கிற துணிவு யாருக்கும் இல்லை.

சசிகரன் தன் பக்கத்தை அந்த நிமிடமே அழித்தான். அழித்து என்ன? அவன் கட்டியது சந்தி வெட்டிப்பயல்களின் சொல்லா, துடைத்துவிட்டுப் போக? பல்கலைக்கழகம் இருந்தது, பத்திரிகை இருந்தது. மனித உரிமை அமைப்பின் பக்கம் இப்போது அவனுடைய பக்கம் இருந்த இடத்துக்கு ஏறி, முதலாவதாக நின்றது. அவர்களுக்கு எழுதினான். இரண்டாம் நாளே பதில் வந்தது. மிக அன்பான பதில். குடும்பத்தின் வேதனை புரிகிறது. ஆனால் உறவினர்களை மிரட்டிப் பக்கங்களை நீக்க வைக்கும் சம்பவங்கள் நடப்பதால், காணாமல்போனவரே நேரில் உறுதிப்படுத்தினாலொழிய, அல்லது அவர் இறந்ததற்கு அத்தாட்சி கிடைத்தாலொழிய நீக்குவதில்லை. நீங்கள் தைரியமாக இருங்கள். நல்ல மனிதர்கள். கெட்டவனிடம் மாட்டினால் காலில் விழுந்தாவது தப்பலாம், நல்லவர்களிடம் மாட்டினால் தப்ப வழியே இல்லை.

ஒரு பக்கத்தை இறக்க முடியாதென்றால் அதற்கு மேலே இன்னொன்றை ஏற்ற வேண்டும். பல் வைத்தியர்களுக்கு அவன் இதைச் செய்து கொடுத்திருக்கிறான். எவனோ எழுதிய வசையைக் கீழே தள்ள நாலு நல்ல பக்கங்களை மேலே கட்டுவது. ஆனால் சுஜித்தாவின் பெயரில் எதைக் கட்டுவது? அவளுடைய பெயருக்கு யார் இணைப்புத் தருவார்கள்? அவன் இரவும் பகலும் அதையே நினைத்துச் சாப்பாடு இறங்காமல் திரிந்தான்.

விடை பளீல் நானாவின் மேசையிலிருந்து வந்தது. சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியார் மவுத்தாகியிருந்தார். பளீல் நானா ஜனாஸா என்கிற மரண அறிவித்தலைத் தட்டி, படத்தைப் போட்டு, தொலைபேசியில் இரண்டு பேருக்குச் சொன்னார். பகல் சாப்பாட்டுக்கு முன் கரையோரத் தளங்கள் அத்தனையிலும் ஹாஜியார் இருந்தார். ஒருவரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இந்தக் கரையில் அது வழக்கம். இந்துவோ முஸ்லிமோ, மரண அறிவித்தலுக்கு யாரும் காசு கேட்பதுமில்லை, மறுப்பதுமில்லை. மறுத்தால் நாளைக்குத் தன் வீட்டு மரணத்துக்கு யார் வருவார்கள்? கட்டாரிலும் கனடாவிலும் இருக்கிறவர்கள் காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பதே அந்தப் பகுதியைத்தான். தேடுபொறியின் கண்ணில், ஊரில் அதைவிட நம்பிக்கையான பக்கம் வேறில்லை.

சசிகரன் கதிரையை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்தபோது பளீல் நானாவின் முகம் கறுத்துவிட்டது.

"ஹயாத்தோட இரிக்கிற புள்ளைக்கி மவுத் அறிவித்தல் போடுறதா? தௌபா, தௌபா. என்ன கதடா கதைக்கிறாய்?"

"செத்தவள ஆரும் தேட மாட்டாங்க. வேற வழி இருந்தாச் சொல்லுங்க நானா."

"சுனாமியில என்ட மகள் ஆறு வயசில போனவள். அவட பேரை எழுதயே என்ட கை வரல்ல. நீ உசிரோட இரிக்கிறவளுக்கு எழுதச் சொல்றாய்."

கீழே செருப்புக் கடையில் யாரோ விலை பேசுகிற சத்தம் கேட்டது. பளீல் நானா எழும்பி, முகம் கழுவிவிட்டு வந்து இருந்தார்.

"உங்கட ஆக்கள் எப்பிடி எழுதுவாங்க? அமரர் எண்டா?" என்று கேட்டார்.

"அமரர்தான்."

"பொறு. முதல்ல உம்மாட்டச் சொல்லு. அவக்குத் தெரியாம ஊருக்குத் தெரியப்படாது."

அந்தப் பொய்யைத் தாயிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது. அன்னப்பிள்ளை கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். சசிகரன் தூரத்தில் நின்றபடியே, வன்னியிலிருந்து தப்பி வந்த ஒரு பிள்ளை கதைத்தாள், தங்கச்சி இல்லையாம் என்றான். அவள் துவைத்த உடுப்பைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள். விளக்குமாறு எடுப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் புள்ள கண்ணால கண்டதா மனே?"

"ஓம் அம்மா."

"எங்க?"

"கடற்கரையில."

"என்ன உடுத்திருந்தாளாம்?"

அவன் இதை யோசித்து வரவில்லை. "நீலச் சட்டை" என்றான்.

"நோவு பட்டாளாமா?"

"இல்லம்மா. உடனயாம்."

"ஆரு மண் போட்ட?"

"அந்தப் புள்ளதானாம்."

அன்னப்பிள்ளை உடுப்பை வாளிக்குள் மெதுவாக வைத்தாள். "அந்தப் புள்ள நல்லா இரிக்கணும். அவட வயித்தில நல்ல புள்ளயள் பிறக்கணும்" என்றாள். பிறகு கிணற்றுக்கட்டில் தலையை மோதினாள். சசிகரன் ஓடிப்போய்ப் பிடித்தான். தாயின் நெற்றி இரத்தம் அவனுடைய சேட்டில் பட்டது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தான். அக்கம்பக்கத்துச் சனம் வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

திரும்பவும் தர்ப்பைப் புல், திரும்பவும் அதே ஐயர், அண்ணன்காரன் என்ற முறையில் அவன் கையாலேயே கொள்ளி. உயிரோடு இருக்கிற தங்கச்சியின் பெயரைச் சொல்லி நெருப்பு வைக்க அவன் பின்வாங்கியதைச் சனம் பாசம் என்று நினைத்தது.

அறிவித்தல் போனது. தேத்தண்ணி தந்து அனுப்பியவர் போட்டார். தொலைபேசி எடுக்காதவர் தானாக அழைத்து, நல்ல படம் ஒன்று அனுப்பு தம்பி என்றார். பயந்தவர் பயமில்லாமல் போட்டார். உயிரோடு தேடியபோது ஒருவரும் தராத கையை, செத்துவிட்டாள் என்றதும் கரை முழுக்கத் தந்தது. பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கண்ணீர் அஞ்சலி எழுதினார்கள். எல்லாம் சசிகரன் கட்டிய நினைவுப் பக்கத்தைக் கைகாட்டின. மனித உரிமை அமைப்பு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, தன் பக்கத்திலிருந்து படத்தையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டு, காலமானார் என்று ஒரு வரி போட்டு, அதுவும் கைகாட்டியது. சில கிழமைகளில் நினைவுப் பக்கம் முதலாம் இடத்துக்கு வந்தது. அவன் தொழிலில் செய்த மிக நல்ல வேலை அதுதான். அதை நினைத்தபோதெல்லாம் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மோட்டார்சைக்கிள் ஆள் வந்தார். மகள் இறந்ததை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டார். அன்னப்பிள்ளை கடற்கரையையும் நீலச் சட்டையையும் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அழுகையை எந்த விசாரணைக்காரன்தான் சந்தேகிப்பான்? அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், தேத்தண்ணியை முடிக்காமலே போனார். பாலர் பாடசாலைக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை என்று சுஜித்தா சொன்னாள். அந்த மாதமே அவளுடைய கலியாணமும் நடந்தது.

அந்த ஒரு வருசத்தில் அன்னப்பிள்ளை அரைவாசியாகிப் போனாள். கச்சேரிக்குப் போவதை விட்டாள், படத்தோடு பஸ் ஏறுவதை விட்டாள். தேடுகிறவளுக்கு ஒரு ஓட்டம் இருந்தது. இப்போது இருந்த இடத்தில் இருந்தாள். சசிகரன் வீட்டில் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். சோற்றைப் பிசைந்துவிட்டு, கடையில் வேலை என்று எழும்பிவிடுவான்.

முதலாவது வருச நினைவான ஆட்டத் திவசத்தன்று விடியற்காலை சுஜித்தா அழைத்தாள். பெண் குழந்தை பிறந்து நாலு நாளாம்.

"ஆசுப்பத்திரியில எல்லாருக்கும் பக்கத்தில தாய் நிண்டாக அண்ணா" என்றாள். பிறகு, "அம்மாட்டச் சொல்லு. ஒருக்காச் சொல்லு. அவட குரலக் கேக்கணும்" என்றாள்.

அன்னப்பிள்ளை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது, சனம் வரத் தொடங்கவில்லை. சசிகரன் கதவைச் சாத்திவிட்டு, நிலத்தில் அவளுக்கு முன்னால் இருந்து சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான், பதுங்கு குழி, செத்த பிள்ளையின் பெயர், அச்சடித்த தாள், நீலச் சட்டை தான் கட்டிய பொய் என்பது.

தேங்காய்ப்பூ ஒட்டிய கையால் அவள் அவனுக்கு அறைந்தாள். திரும்பவும் அறைந்தாள். அவன் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தான். பிறகு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வெளியே போய்விடும் என்ற பயம் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"பளீல் நானாக்கு. வேற ஆருக்கும் தெரியா."

"புள்ள ஆரப் போலயாம்?"

"கேக்கல்ல அம்மா. இந்தா, நீங்களே கேளுங்க." தொலைபேசியை நீட்டினான்.

அவளுடைய கை நீண்டது. தொலைபேசியைத் தொடும் முன் நின்றது. முற்றத்தில் மோட்டார்சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. இருவருக்கும் அந்த மோட்டார்சைக்கிளின் சத்தம் தெரியும். ஆட்டத் திவசம் என்று எப்படியோ அறிந்து வந்திருக்கிறார்.

"வேணாம் மனே" என்றாள் அன்னப்பிள்ளை. "இப்ப அவட குரலக் கேட்டா எனக்கு அழ வராது."

வாளியில் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.

ஐயர் வந்தார், சனம் வந்தது. பளீல் நானாவும் வந்து பந்தல் ஓரத்தில் நின்றார். மோட்டார்சைக்கிள் ஆள் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பக்கத்தைப் புதுப்பிக்காவிட்டால் கீழே இறங்கிவிடும் என்பதால் சசிகரன் கடைக் கமராவைக் கொண்டு வந்திருந்தான். மாலை போட்ட இரட்டைப் பின்னல் படத்துக்கு முன்னால் படையல் வைத்ததும் அன்னப்பிள்ளை காலை நீட்டி இருந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு தொடங்கினாள்.

"என்ட மகளே… உன்ட முகத்த இனி எப்ப பாப்பன்… உன்ட தலைய ஆரடி தடவுவாக… நீ நோவோட கிடந்த நேரம் நான் பக்கத்தில இல்லயே மகளே…"

போன வருசம் அழுததைவிட அதிகமாக அழுதாள். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற சசிகரனுக்கே தெரியவில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். பளீல் நானா தாங்கமாட்டாமல் வெளியே வீதிக்குப் போய்விட்டார். சசிகரன் கமராவை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான்; அவன் கண்ணை யாரும் பார்க்கக்கூடாது.

மோட்டார்சைக்கிள் ஆள் இருந்து சாப்பிட்டார். அன்னப்பிள்ளை தானே அவருக்குச் சோறு போட்டு, பாயாசமும் ஊற்றினாள். கை கழுவிவிட்டு வந்து, "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா" என்றார் அவர். அவள் தலையை ஆட்டினாள். அவர் படலையைத் தாண்டி, மோட்டார்சைக்கிளை எடுத்து, சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மகனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"படம் எடுத்தியா மனே?"

"எடுத்தன் அம்மா."

"நான் அழுறது தெளிவாத் தெரியிதா?"

"தெரியிது."

"அதையும் போடு" என்றாள் அன்னப்பிள்ளை. "எல்லா இடத்திலயும் போடச் சொல்லு."